அறுபத்திரண்டு காம்பரா

எங்கள் தோட்டத்துச் சாக்கடைக் கானில் தண்ணீர் எடுப்பதற்கு நல்ல நேரம் காலை ஏழரை மணி. அதற்கு முன்னால் போனால் முகம் கழுவிய சவர்க்கார நுரைதான் போத்தலில் விழும். ஒன்பது மணிக்குப் போனால் கான் காய்ந்து கிடக்கும். ஏழரைக்கு வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறியிருப்பார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரும் கக்கூஸ் பக்கமிருந்து கசிவதும் சேர்ந்து சாம்பல் நிறத்தில், அவசரமில்லாமல் ஓடும். எங்களுக்கு வேண்டியது அதுதான். ஷம்ரா மிஸ் மூக்கைச் சுளிக்கிறார். சுளிக்கலாம். நான் அந்தக் கான் ஓரத்து லயத்தில், வரிசை வீட்டின் ஓர் அறைக் காம்பராவில் பிறந்தவன். என் மூக்கு சின்ன வயதிலேயே வேலையை விட்டு நின்றுவிட்டது.

பெயர் அஜந்தன். அப்புத்தளைக்குக் கீழே கூனிமலைத் தோட்டம். பதுளையில் இந்த மிஷன் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பதினொரு வருடமாக உதவியாளர். வீரய்யா மாமாவின் சாவைப் பற்றி விசாரிக்க மூன்று பேர் வந்திருக்கிறீர்கள். தலைமை பஸீல் ஐயா. எழுதுவது ஷம்ரா மிஸ். மூன்றாமவர் கொழும்பிலிருந்து வந்தவர். ரயிலில் எல்லவுக்குப் போகிற வெள்ளைக்காரர்களிடம் சீட்டைப் பறிகொடுத்து நின்றுகொண்டே வந்த களைப்பு அவர் முகத்தில் இன்னும் தெரிகிறது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

எந்த அன்டிபயோட்டிக்குக்கும் அடங்காத பக்டீரியா உண்டு. அந்தப் பக்டீரியாவைப் பிடித்து, உள்ளே புகுந்து, பெருகி, வெடிக்க வைக்கிற வைரஸும் உண்டு. அதற்கு ஃபேஜ் என்று பெயர். கிருமி எங்கே அதிகமோ அங்கே அதுவும் அதிகம். ஆகவே உலகத்து ஆராய்ச்சியாளர்கள் எல்லாம் சாக்கடை தேடி அலைகிறார்கள். எங்களுக்கு அந்த அலைச்சல் இல்லை. சாக்கடை விஷயத்தில் தோட்டம் என்றைக்கும் தன்னிறைவு.

எங்கள் தோட்டத்து வீரய்யா மாமாவுக்குத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும்போது கத்தி வழுக்கி இடது கெண்டைக்காலில் இறங்கியது. தோட்டத்து டிஸ்பென்சரியில் கட்டுப் போட்டார்கள். மூன்று வாரத்தில் கட்டு பச்சையாகிவிட்டது. நல்ல பச்சை, கொழுந்துப் பச்சை. பழுத்த திராட்சை வாசம் அடித்தது. சூடோமோனாஸ் என்கிற கிருமி அப்படித்தான், நிறமும் வாசமும் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வரும். இங்கே கொண்டுவந்து பதினான்கு மருந்து வைத்துப் பார்த்தோம். பதினான்கையும் அது சட்டை செய்யவில்லை. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிடுவது என்று டொக்டர் இரகுநாதன் முடிவு செய்தார். வியாழக்கிழமை காலை.

திங்கட்கிழமை மாமாவின் மகள் விஜயலெட்சுமி ஆய்வுகூடத்து ஜன்னலுக்கு வந்தாள். எல்லவில் ஒரு விடுதியில் படுக்கை விரிக்கிற வேலை. சீருடையோடு வந்திருந்தாள்.

"அண்ணே, வெட்டித்தான் ஆகணுமாம். நம்ம மேல் லயத்துக்கு நூத்திப்பதினாலு படி. ஒத்தக் கால வச்சிக்கிட்டு அப்பா எப்புடிண்ணே ஏறுவாரு?"

"பாப்போம்மா. எங்கிட்ட ஒன்னு இருக்கு."

"மருந்தா?"

"கான் தண்ணி. ஒங்க காம்பராவுக்குப் பின்னால ஓடுறதுதான்."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். "அதக் குடிச்சுதானேண்ணே நாம வளந்தோம்" என்றாள்.

நான் பொய்யாக நம்பிக்கை கொடுக்கவில்லை. அதற்கு முந்திய மாதம் அந்தக் கானில் எடுத்த ஃபேஜ் ஒன்று என்னிடம் இருந்தது. மாமாவின் கிருமியைத் தட்டில் பரப்பி, அதன்மேல் ஒரு சொட்டு விட்டால், மறுநாள் அந்த இடத்தில் வட்டமாகக் கிருமி செத்திருக்கும். வட்டத்தின் நடுவில் மட்டும் லேசான மங்கல். அப்புத்தளைப் பனிமூட்டத்தில் ஜன்னல் கண்ணாடி எப்போதும் அப்படித்தான் இருக்கும், அதனால் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆய்வு அதிகாரி ஜெயமலர் மிஸ்ஸுக்கு அது பட்டது. அவர் யாழ்ப்பாணம், அங்கே வானம் தெளிவு.

"அஜந்தன், இது மங்கலாக் கிடக்கு. எனக்கு இதில நம்பிக்கை இல்லை. ஜீனோம் பாக்காமல் ஒருத்தருக்கும் குடுக்கக்கூடாது" என்றார். கொழும்புக்கு அனுப்பச் சொன்னார். தன்னுடைய ஃபேஜ் ஒன்றையும் அனுப்பினார். அது பதுளை ஓயா ஆற்றில், சந்தைக்குக் கீழே எடுத்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'ஒன்பது'. ஒன்பதாவது குழாய், அதனால் ஒன்பது. பிறகு பிரசவ லீவில் ஊருக்குப் போய்விட்டார். பிள்ளைக்காவது கொஞ்சம் யோசித்துப் பெயர் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் ஃபேஜைக் கண்டுபிடித்தவர்தான் அதற்குப் பெயர் வைக்க வேண்டும். அதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். நான் என்னுடையதற்குக் 'கூனிமலை' என்று வைத்தேன். மருந்தாக வேலை செய்து, கட்டுரை வெளிவந்தால், உலகத்துப் பட்டியலில் அந்தப் பெயர் நிரந்தரமாக ஏறிவிடும். எங்கள் தோட்டத்தின் பெயர் இதுவரை வெளியே வந்தது இரண்டு சந்தர்ப்பத்தில்தான். குளவி கொட்டி ஆட்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்போது பத்திரிகையில் வரும். மழைக்கு மண் சரிந்தால் ரேடியோவில் வரும், அதுவும் பிழையான உச்சரிப்போடு.

என்னுடைய ஃபேஜின் ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமை ஈமெயிலில் வந்தது. ஆய்வுகூடத்துப் பொது ஈமெயிலைத் திறப்பது நான்தான். அதைப் புரிந்துகொள்ள ஜெயமலர் மிஸ் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அவர் விளக்கியது படம் போட்டு. நான் விளங்கிக்கொண்டது லயத்தை வைத்து.

ஃபேஜின் ஜீனோம் ஒரு நீண்ட லயம். என்னுடையதில் நாற்பத்திரண்டாயிரம் எழுத்து, அறுபத்திரண்டு மரபணு. அறுபத்திரண்டு காம்பரா வரிசையாக, ஒரே கூரை. ஒரே வேலை செய்கிறவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். முதலில் இருக்கிற காம்பராக்காரர்கள் வைரஸின் தலையைக் கட்டுவார்கள். அடுத்தவர்கள் நீண்ட வாலைக் கட்டுவார்கள். அதற்கடுத்து இரண்டு பேர், கிருமியின் சுவரை உடைத்து எல்லோரையும் வெளியே அனுப்புகிறவர்கள். எவ்வளவு ஒழுங்கு பாருங்கள். எந்தக் கங்காணியும் இல்லை.

கடைசி இரண்டு காம்பராதான் தொல்லை. அறுபத்தொன்றில் இருப்பவன், கிருமியைக் கொல்லாமல் அதன் ஜீனோமுக்குள்ளேயே இந்த வைரஸைச் சொருகிவிடுகிறவன். சொருகிவிட்டால் வைரஸ் அங்கேயே குடும்பம் நடத்தும். வட்டத்தின் நடுவில் இருந்த மங்கல் அதனால்தான். குடியேற்றிய கிருமிகள் சாகாமல் வளர்ந்திருக்கின்றன. அறுபத்திரண்டில் இருப்பது ஒரு நஞ்சு. நம் உடம்பின் உயிரணுக்களை ஓட்டை போடுகிற நஞ்சு. வைரஸ் குடியேறினால் அந்த நஞ்சைச் செய்கிற கலை கிருமிக்குச் சீதனமாகக் கிடைக்கும். சாதாரணமாகக் கெட்ட கிருமி, படித்த கெட்ட கிருமியாகிவிடும்.

ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரி இருந்தது. சிகிச்சைக்கு உகந்ததல்ல.

டொக்டர் இரகுநாதன் முன்கூட்டியே சொல்லியிருந்தார். "ஜீனோம் சுத்தமெண்டால் குடுப்பம், அஜந்தன். இல்லையெண்டால் வியாழக்கிழமை கால் எடுக்கிறதுதான். கால் போனாலும் ஆள் மிஞ்சவேணும்." நல்ல மனிதர். எதையும் கடதாசியில் பார்த்தால் நம்புவார்.

இங்கே எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது. பெரட்டுக் களத்தில் காலையில் பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட ஆளுக்கு வேலை உண்டு. சில நாள் கணக்கப்பிள்ளைக்கு யாரோடாவது மனத்தாங்கல் இருக்கும். அந்தப் பெயரைத் தாண்டிப் போய்விடுவார். என் அம்மா ரெங்கம்மாவை ஒருமுறை அப்படித் தாண்டினார். அம்மா கூடையோடு முன்னால்தான் நின்றாள். "நான் இந்தா நிக்கிறேனுங்களே ஐயா" என்றாள். அவர் கடதாசியைக் காட்டி, "இதுல நீ இல்லியே" என்றார். அம்மா திரும்பி வந்துவிட்டாள். எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள், அம்மா உட்பட. நான் முதன்முதலில் கற்ற விஞ்ஞானம் அது.

ரிப்போர்ட்டை அச்சடிப்பதற்கு முன் அறுபத்தொன்றையும் அறுபத்திரண்டையும் தாண்டிவிட்டேன். அடியில் இருந்த வரியையும் எடுத்துவிட்டேன். பட்டியல் அறுபதோடு முடிந்தது. அறுபது நல்ல முழு இலக்கம், பார்க்கவும் அழகாக இருந்தது. டொக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரிவரியாகப் படித்தார்.

"சுத்தமாத்தான் கிடக்கு. அப்ப தொடங்குவம்" என்றார்.

வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சை நின்றது. புதன்கிழமையே கூனிமலையை மாமாவின் புண்ணில் ஊற்றினோம். நரம்பு வழியாகவும் கொடுத்தோம். குழாயை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மாமா என்னைப் பார்த்து, "ஏன்டா அஜந்தா, எங் காம்பராவுக்குப் பின்னாலயே மருந்து ஓடுதுன்னா, நான் எதுக்குடா இத்தன வருசம் டிஸ்பென்சரி வாசல்ல தவங்கெடந்தேன்?" என்றார்.

"அப்ப அதுக்குப் பேரு வைக்கல மாமா."

"இப்ப என்ன பேரு?"

"கூனிமலை."

"சரிதான். அந்த மல ஏறித்தான் என் முதுகு கூனிச்சு. இப்ப அது என் காலுக்குள்ள ஏறுதா?" தாதி சிரித்ததில் கட்டுத் துணியைக் கீழே போட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அது உண்மை, நான் எழுதிய ஒரு எண்ணும் பொய்யில்லை. முதலில் ஏராளமான கிருமிகள் வெடிக்கத்தான் செய்யும். விஜயலெட்சுமி தோட்டத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள். அன்றைக்கு மேல் லயத்துப் பிள்ளைகள் கானை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். கோயில் தலைவர், கானுக்குச் சிமெந்து போடுகிற யோசனையை இனிக் கைவிட வேண்டும் என்றாராம். யாரோ ஒருவன், "நம்ம தோட்டத்துப் பேரு லண்டன் வரைக்கும் போயிருச்சு" என்று அப்புத்தளை டவுனில் சொல்லியிருக்கிறான். உண்மையில் அது என் மேசை வரைக்கும்தான் போயிருந்தது. ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது. வாழ்க்கையில் அப்படி மூன்று நாள் எனக்கு வேறு வாய்க்கவில்லை.

ஐந்தாம் நாள் காய்ச்சல் ஏறியது. புண்ணின் ஓரம் கறுத்தது. மாமா பேச்சைக் குறைத்துக்கொண்டார். அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். சூடுமானி பிறகுதான் சொன்னது. அன்று எடுத்த இரத்தத்தில் கிருமி வளர்ந்தது. அதன் ஜீனோமுக்குள் கூனிமலை குடியேறியிருந்ததை நானே சோதித்துப் பார்த்தேன். நஞ்சும் சேர்ந்தே இருந்தது. யாரும் சோதிக்கச் சொல்லவில்லை. என் தொழிலில் எனக்கு அக்கறை உண்டு.

ஒன்பதாம் நாள் பகல் மாமா இறந்தார். விஜயலெட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டுந்தாண்ணே கடைசி வரைக்கும் ஓடுனீங்க" என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. அந்த நேரத்தில் ஒருவரோடு வாதம் செய்வது முறையல்ல. கூனிமலையில் மண் கொடுத்தோம். பாடையில் ஒரு தோள் என்னுடையது.

போன வாரம் ஜெயமலர் மிஸ் லீவு முடிந்து வந்து, பழைய ஈமெயிலைத் திறந்திருக்கிறார். அதில் அறுபத்திரண்டு. டொக்டரின் கோப்பில் அறுபது. அவருக்கு எண்ணத் தெரியும். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

இதுவரை நான் சொன்னதில் பஸீல் ஐயாவுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்திருப்பதைக் காண்கிறேன். சற்று முன் தண்ணீர் ஊற்றித் தந்தார். படிப்புக் குறைந்த தோட்டத்து ஆள், ஊர்ப் பாசத்தில், மாமாவின் காலைக் காப்பாற்றுகிற ஆசையில் இரண்டு வரியை மறைத்துவிட்டான். அறிக்கை அப்படித்தான் போகும் என்று நினைக்கிறேன். எனக்கும் அது சௌகரியம்தான். ஆனால் கேட்காததையும் சொல்லிவிடுவதுதான் ஒழுங்கு. ஷம்ரா மிஸ், புதுப் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள்.

காலை எடுத்தால் மாமா பிழைத்துக்கொள்வார் என்பது எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமையே தெரியும். நூற்றிப்பதினான்கு படியை நான் அவ்வளவாக நினைக்கவில்லை. படிக்குப் பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், தூக்கிக்கொண்டு போவார்கள், எங்கள் லயத்தில் அதற்குப் பஞ்சமில்லை. நான் நினைத்தது பெயரைத்தான். அறுபத்திரண்டோடு போனால் கூனிமலை அன்றைக்கே குப்பை. அறுபதோடு போனால் அதற்கு ஒரு சந்தர்ப்பம். அறுபத்தொன்றாம் காம்பராக்காரன் எல்லாக் கிருமியிலும் எழும்புவதில்லை, சிலவேளை தூங்கிவிடுவான். அவன் தூங்குவான் என்று எதிர்பார்த்தேன். ஆள் யார் என்பதை நான் தெரிவு செய்யவில்லை. அந்த வாரம் படுத்திருந்தவர் மாமா.

இனி ஒன்பதைப் பற்றி. ஜெயமலர் மிஸ்ஸின் ஒன்பது.

அதன் ரிப்போர்ட் சிகிச்சை தொடங்கி நாலாம் நாள் வந்தது. ஐம்பத்தெட்டு மரபணு. தலை, வால், சுவர் உடைக்கிறவர்கள், அவ்வளவுதான். குடியேறுகிறவனும் இல்லை, நஞ்சும் இல்லை. அவ்வளவு சுத்தமான லயத்தை நான் பார்த்ததில்லை. ஆறாம் நாள், மாமாவின் இரத்தத்திலிருந்து வந்த புதுக் கிருமியின்மேல் அதில் ஒரு சொட்டு விட்டேன். ஏழாம் நாள் காலை பார்த்தால் வட்டம். நடுவில் மங்கல் ஒரு பொட்டுக்கூட இல்லை. தட்டுக்குக் கீழே வைத்த என் விரல்ரேகை அதன் வழியாகத் தெரிந்தது. தட்டில் வேலை செய்வதெல்லாம் உடம்பிலும் செய்யும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். செய்யாது என்றும் சொல்லமாட்டேன்.

பத்து மணிக்கு டொக்டர் இரகுநாதன் வந்தார். மூன்று நாளாகச் சவரம் செய்திருக்கவில்லை.

"அஜந்தன், இரத்தத்தில ஏறிட்டுது. இனிக் கால் எடுத்தும் பிரயோசனமில்லை. வேற ஃபேஜ் ஒண்டும் இல்லையோ? ஜெயமலர் ஏதோ ஒண்டு வச்சிருந்தவ எல்லே?"

நான் தட்டை ஒரு கடதாசியால் மூடியிருந்தேன். அது அவர் கைக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது. நான் யோசித்தது அதிக நேரமில்லை. ஒன்பதைக் கொடுத்து மாமா எழுந்து நடந்தால், கட்டுரையில் வருவது ஒன்பது. கூனிமலை ஏன் கைவிட்டது என்று யாராவது தோண்டுவார்கள், அறுபத்தொன்றும் அறுபத்திரண்டும் வெளியே வரும். எங்கள் தோட்டத்தின் பெயர் மூன்றாவது சந்தர்ப்பத்திலும் கெட்ட செய்தியோடுதான் வரும். அதுவும்போக, ஒரு இலக்கத்தின் பெயரில் மாமா பிழைப்பது அவருக்கே அவ்வளவு மரியாதையாக இருந்திருக்காது என்று எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

"இல்ல சார். அது இல்ல" என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு ஒரு பிளேன்டீ போட்டுக் கொடுத்தேன். பிறகு பிரிட்ஜைத் திறந்து ஒன்பதாம் குழாயையும், அதன் இரண்டு பிரதிகளையும், அந்தத் தட்டையும் எடுத்து, கிருமிகளை ஆவியில் அவிக்கிற ஓட்டோகிளேவில் வைத்து மூடினேன். நூற்றிருபத்தொரு பாகை, அரை மணி நேரம். டொக்டர் அதுவரை பிளேன்டீயை ஒவ்வொரு வாயாகக் குடித்துக்கொண்டிருந்தார். ஜெயமலர் மிஸ் கரண்ட் போனதில் கெட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். கரண்ட் போகவில்லை. அந்த வாரம் பதுளையில் ஒரு நாளும் போகவில்லை.

இவ்வளவுதான். இரண்டு வரியை எடுத்தது நான். தெரிந்துகொண்டே கொடுத்தது நான். காப்பாற்றக்கூடியதை வேகவைத்தது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். டொக்டருக்கு இதில் ஒரு பங்கும் இல்லை, அதையும் எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் திருத்திவிடுங்கள், மிஸ். மேலே நீங்கள் 'டொக்டரிடம் பொய் சொன்னார்' என்று எழுதியிருப்பது இங்கிருந்தே தெரிகிறது. இல்லை என்று நான் சொன்னபோது அது இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் பிளேன்டீயைக் குடித்து முடிப்பதற்குள் நான் அதை இல்லாமல் ஆக்கிவிட்டேன். ஒரு நல்ல மனிதரிடம் பொய் சொல்லிவிட்டுப் போகிற ஆள் நானில்லை.